கரண்டு மேஸ்திரி நினைவுப் படிப்பகம்: கூரை வேலைக்கு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர்,

வணக்கம். வருகிற ஜூன் 30ஆம் நாள் திறப்பதாக ஊரறியச் சொல்லிவிட்ட நம் படிப்பகத்துக்கு இன்னும் கூரை ஏறவில்லை. ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கட்ட வேண்டிய கெடு இம்மாதக் கடைசியில் முடிகிறது. ஆகவே இரண்டாம் முறையாக உங்கள் வாசலுக்கு வருகிறோம்.

அந்த நாளைக் குறித்ததற்குக் காரணம் உண்டு. காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், 92 மைல் கம்பி வழியே, கோலார் தங்கவயலுக்கு ஓடத் தொடங்கியது 1902 ஜூன் 30 அன்று. அந்தத் திட்டத்துக்குத் துணை நின்ற மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் முந்திய ஆண்டே காலமாகிவிட்டதால் அதைப் பார்க்கவில்லை. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். நம் சுரங்கத்துக்கு மூன்று ஆண்டு பிந்தி என்பதை எங்கள் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள், நாங்களும் அப்படியே. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் கம்பத்தில் ஏறக் கற்றது அந்தக் காலத்தில்தான்.

அவர்களில் ஒருவர் நம் கரண்டு மேஸ்திரி. கம்பம் சுமக்கும் பையனாகச் சேர்ந்து, ஒயர்மேனாகி, முதிய வயதில் வார்டு உறுப்பினராகவும் இருந்தவர். விளிம்பு உடைந்த ஒரு பீங்கான் இன்சுலேட்டரைத் திண்ணை மேசையில் வைத்திருப்பார். குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் லைன் மக்கள், அதாவது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் இருந்தவர்கள், கொடுத்த மனுக்கள் காற்றில் பறக்காமல் அதன் அடியில் கிடக்கும். படித்துக் காட்டி, ஒப்பம் வாங்கி, மறுநாளே தாமே நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவார். பொதுக்குழாய் முனையில் விளக்குக் கம்பம் வந்தது அப்படித்தான். அந்த இன்சுலேட்டரும் அவருடைய தோல் இடுப்புவாரும் இப்போது குழுச் செயலாளர் வீட்டுப் பரண்மேல் இருக்கின்றன. வைக்க இடம் இல்லை.

கணக்கு இது: கூரைக்கு ரூ.3,10,000, பூச்சுக்கும் தரைக்கும் ரூ.1,75,000, ஒயரிங்குக்கு ரூ.95,000, கண்ணாடி அலமாரிக்கும் கல்வெட்டுக்கும் ரூ.1,00,000. மொத்தம் ரூ.6,80,000. வந்தது ரூ.4,15,000. குறைவது ரூ.2,65,000.

தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியபின் கிடைத்த சொற்பத்தில் குடும்பம் நடத்தியவர்கள்கூட ஆயிரம், இரண்டாயிரம் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பெண்கள், ஒரே பெட்டியில் தலைக்குப் பத்து ரூபாயாகப் பல வாரம் சேர்த்து, ரூ.11,340ஐ டிபன் கேரியரின் மேல் தட்டில் வைத்து எங்களிடம் தந்தார்கள். அதில் பாதிக்கு மேல் சில்லறை. எண்ணி முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. எண்ணியவர்களுக்குக் கண் கலங்கியது. மாரியம்மன் அந்தத் தாய்மாரைக் காப்பாளாக. மாதாகோயில் பங்கு மக்கள் தந்த சிமெண்டு மூட்டைகளுக்கும் எங்கள் வணக்கம்.

கடந்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்துத் தொகை அறிவித்து, கைதட்டலும் பெற்றுச் சென்ற சிலர் இன்றுவரை ரசீது வாங்க வரவில்லை. பெயரைச் சொல்லப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். ரயில் பெட்டியிலிருந்து வந்த சில்லறைக்கு முன்னால் அந்த அறிவிப்பை ஒருமுறை நினைத்துப் பார்க்குமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறோம். ஊருக்கு வெளிச்சம் இழுத்தவர் பெயரில் எழும் கட்டடம் ஒயரிங்குக்குப் பணமின்றி இருட்டில் நிற்பது நம் எல்லோருக்கும் தலைகுனிவு.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் தயவுசெய்து இதைத் தெரிவியுங்கள். தொகை சிறியதாயினும் பொருளாளரிடம் நேரில் கொடுத்து, எண்ணிட்ட ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் காலை 9 மணி முதல் 12 மணி வரை கட்டட வாசலிலேயே இருப்போம். வரவுசெலவு நோட்டை யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
படிப்பகக் கட்டடக் குழுவினர்