ஹெல்வெட்டிகாவை இப்படித் தள்ளலாமா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் எழுத்துருக்கள் பற்றிய கட்டுரை படித்தேன். ஹெல்வெட்டிகா என்ற ஆங்கில எழுத்துருவை 'சுவையற்ற எழுத்து' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். இருபது வருஷமாக அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை பார்க்கும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

1957-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே இருந்த ஹாஸ் எழுத்து வார்ப்பகத்துக்காக மாக்ஸ் மீடிங்கர் வரைந்தது அது. அந்த வார்ப்பகத்தின் தலைவர் எட்வார்ட் ஹாஃப்மன் கூடவே இருந்து திருத்தினார். 1960-இல்தான் ஹெல்வெட்டிகா என்ற பெயர் வந்தது. சுவிட்சர்லாந்தின் லத்தீன் பெயரிலிருந்து எடுத்தது.

அதில் ஆங்கில 'சி'யைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு முனையும் கத்தியால் நறுக்கியது போல நேர் கிடையாக முடியும்; சாய்வே இருக்காது. கோட்டின் தடிமனும் ஏறக்குறைய ஒரே சீர். அதனால் வரி முழுக்க அமைதியாகத் தெரியும், சொல்தான் முன்னால் வந்து நிற்கும். நியூயார்க் சுரங்க ரயில் நிலையப் பலகைகளுக்கும் நாசாவின் விண்ணோடத்துக்கும் இந்த எழுத்து பொருந்தியது அதனால்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தின் பெரிய 'ஐ'யும் (I) சின்ன 'எல்'லும் (l) பார்வைக்கு ஒன்றுதான். ஒரு விலைப்பட்டியலில் பொருள் குறியீட்டை நான் அப்படி மாற்றிப் படித்து, 500 தாள் வீணாய்ப் போனது. அப்புறம் குறியீடுகளுக்கு மட்டும் வேறு எழுத்துரு வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை எழுத்துகளைக் கால் பக்கத்துக்காவது பெரிதாக்கி அச்சிடுங்கள். நீங்கள் போட்ட தபால்தலை அளவுப் படத்தில் எந்த வளைவும் தெரியவில்லை.

இப்படிக்கு,
அச்சகத் தொழிலாளி ஒருவர்