டிடக்டிபிள் ஏறினா அதுவும் சம்பள வெட்டுதான்

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்க சம்பளம் பத்தி உங்க போன இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன், ஹெல்த் இன்சூரன்ஸுக்கு எவ்வளவு போகுதுன்னு அதுல ஒரு வரி கூட இல்ல, அதான் இத எழுதறேன்.

கேஎஃப்எஃப்ன்ற ஹெல்த் பாலிசி ஆராய்ச்சி அமைப்பு வருஷா வருஷம் எடுக்கற சர்வேல, 2025-ல கம்பெனி மூலமா கிடைக்கற ஃபேமிலி பிளானோட சராசரி பிரீமியம் வருஷத்துக்கு 26,993 டாலர், அதுல வேலை செய்யறவங்க கைல இருந்து போறது 6,850. ஆஸ்பத்திரி ரேட் ஏறுது, ஒசெம்பிக் மாதிரி மருந்துக்கெல்லாம் செலவு ஏறுதுன்னு கம்பெனிங்க சொல்றது பொய்யில்ல. ஆனா அந்த பாரத்த யார் தலைல வைக்கறாங்கன்றதுதான் கேள்வி.

எங்க ஆபீஸ்ல இந்த ஓபன் என்ரோல்மென்ட்ல, அதாவது வருஷா வருஷம் பிளான் தேர்ந்தெடுக்கற நேரத்துல, டாக்டர நாமளே தேர்ந்தெடுக்க வசதியான பிபிஓ பிளானையே தூக்கிட்டாங்க, இப்ப ஹை டிடக்டிபிள் பிளான் மட்டும்தான் (டிடக்டிபிள்னா இன்சூரன்ஸ் குடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வருஷா வருஷம் நாம கைல இருந்து கட்டற தொகை), கூட எச்எஸ்ஏன்னு மருத்துவ செலவுக்கு சேத்து வைக்கற ஒரு அக்கவுன்ட், அதுல வரி மிச்சம்னு விளக்கம் வேற. கைல மீதி காசு நிக்கறவங்களுக்கு எச்எஸ்ஏ ரொம்ப நல்லது, மறுக்கல. ஆனா டைரக்டருக்கும் ரிசப்ஷன்ல இருக்கற அம்மாவுக்கும் ஒரே டிடக்டிபிள், டாக்டர் முட்டிக்கு எம்ஆர்ஐ எழுதிக் குடுத்தும் அவங்க எடுக்கல, ஏன்னா டிடக்டிபிள் முடியற வரைக்கும் மொத்த பில்லும் அவங்கதான் கட்டணும், வலியோடயே வேலைக்கு வர்றாங்க. மாசாமாசம் சம்பளத்துல பிரீமியம் பிடிச்சும் ஸ்கேன் எடுக்க பயந்தா அது எதுக்குங்க இன்சூரன்ஸ்?

அடுத்து ஐசிஎச்ஆர்ஏன்னு ஒரு ஏற்பாடு, 2020-ல இருந்து இருக்கு, இப்பதான் நெறைய பேர் பேசறாங்க. கம்பெனி ஒரு தொகைய குடுத்து ஒதுங்கிக்கும், பிளான நாமளே வெளிய வாங்கிக்கணும். இதுவரைக்கும் ஒண்ணுமே குடுக்க முடியாத சின்ன கம்பெனில இருக்கறவங்களுக்கு இது நிஜமாவே உதவி. ஆனா இருக்கற குரூப் பிளான எடுத்துட்டு இத குடுத்தா, பென்ஷன எடுத்துட்டு 401கேன்ற ஓய்வுகால சேமிப்பு அக்கவுன்ட் குடுத்த கதைதான், விலை ஏறினா அந்த ரிஸ்க் நம்மளோடது. 2025-ல மட்டும் ஃபேமிலி பிரீமியம் 6 சதவீதம் ஏறிருக்கு, 50 பேருக்கு கீழ இருக்கற கம்பெனி தன் தொகைய அதுக்கு ஈடா ஏத்தியே ஆகணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல.

சம்பளத்துக்கு ஏத்த மாதிரி பிரீமியம் பங்கு வாங்கற கம்பெனிங்க ஏற்கனவே இருக்கு, கொறஞ்ச சம்பளக்காரங்களோட எச்எஸ்ஏல கம்பெனியே கூடுதலா காசு போடவும் வழி இருக்கு. எச்ஆர் மீட்டிங்ல இந்த ரெண்டையும் எல்லாரும் சேர்ந்து கேக்கணும், நல்ல சம்பளம் வாங்கற நம்ம ஆளுங்க மொதல்ல கேக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நியூ ஜெர்ஸி