ஐந்தாண்டுக் கணக்கு போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய உங்கள் கட்டுரை, பரிசோதனையில் நோய் கண்டறியப்பட்டவர்களில் அதிகம் பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள் என்பதையே அது உயிர் காப்பதற்குச் சான்றாக வைத்திருந்தது. அறிகுறியே இல்லாதவர்களுக்குச் செய்யும் பரிசோதனையின் பலனை இந்தக் கணக்கால் அளக்க முடியாது.

ஒருவருக்கு 67 வயதில் தீராத இருமல். நுரையீரல் புற்றுநோய் என்று தெரிகிறது, 70இல் இறந்துவிடுகிறார். ஐந்தாண்டுக் கணக்கில் அவர் தேறவில்லை. அவருக்கே 60 வயதில் ஸ்கேனில் கட்டி தெரிந்து, சிகிச்சை பலிக்காமல் அதே 70இல் இறந்தாலும் கணக்கு அவரைத் தேறியவராகக் காட்டும். ஆயுள் ஒரு நாள்கூட நீளவில்லை. நோயாளியாக வாழ்ந்த காலம்தான் ஏழு ஆண்டுகள் கூடியது.

உயிருக்கு ஒருபோதும் ஆபத்து தராத கட்டிகளும் பரிசோதனையில் சிக்கும். அத்தகைய கட்டி உள்ளவர்களும் கணக்கில் சேர்வதால் ஐந்தாண்டு தாண்டியவர்களின் சதவீதம் இன்னும் உயரும். தென் கொரியாவில் அல்ட்ராசவுண்ட் பரவலானபின், 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. இறப்பு விகிதமோ அசையவில்லை. அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஹார்மோன் மாத்திரை. சிலருக்குக் குரல் நரம்பும் பாதிக்கப்பட்டது.

ஆரம்ப நிலையிலேயே பிடித்தால் பிழைத்துவிடலாம் என்பதும் எப்போதும் உண்மையல்ல. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சினைப்பைப் புற்றுநோய் ஆய்வைப் பாருங்கள். ஆண்டுதோறும் சிஏ 125 என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் செய்த பிரிவில், முதல் நிலையில் கண்டறிந்தவை கூடின. முற்றிய நிலையில் கண்டறிந்தவை குறைந்தன. ஆனால் 2021இல் வந்த இறுதி முடிவில், அந்த நோயால் நேர்ந்த இறப்புகள் பரிசோதிக்காத பிரிவைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அத்தனை ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்து இறப்பை எண்ணியதால்தான் இது தெரிந்தது.

குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, இரண்டிலும் ஆயிரத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்ப்பதே சரியான அளவுகோல். கடும் புகைப்பழக்கம் இருந்த 53,000 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் இறப்பு சாதாரண எக்ஸ்ரே பிரிவில் ஆயிரத்துக்குச் சுமார் 21. குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் பிரிவில் 18. இதையே 'சுமார் 15 சதவீதம் குறைந்தது' என்றும் எழுதலாம். எண் சரிதான், ஆனால் முடிவெடுக்க வேண்டியவருக்கு 21, 18 என்ற இரண்டும் தெரிய வேண்டும். சிடி பிரிவில் சந்தேகம் என்று வந்த முடிவுகளில் 95 சதவீதத்துக்கும் மேல் புற்றுநோயே அல்ல என்பதும் தெரிய வேண்டும்.

பரிசோதனையே வீண் என்று சொல்லவில்லை. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் (இன்றைய தாராசிவ்) மாவட்டத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று ஒரே ஒரு முறை பரிசோதித்ததிலேயே கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழப் பாதியானது. புற்றாக மாறுமுன்பே திசுவை அகற்ற முடிவது அங்கே பெரிய சாதகம்.

ஒன்றை மட்டும் அடுத்த இதழில் தெளிவுபடுத்துங்கள். மேலே சொன்னதெல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கு. மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ, மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ அது நோயறியும் சோதனைக்கு உரியது. தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். கட்டுரையில் இரண்டும் கலந்துவிட்டன.

இப்படிக்கு,
பொதுச் சுகாதார ஆய்வுத் துறையிலிருந்து ஒரு வாசகர்