அடுப்புல இருக்கும்போதே சொல்லிரு

அன்பு மகளுக்கு,

நேத்து ராத்திரி நீ கேட்டதுக்கு "நாளைக்குச் சொல்லுதேன்"னு போனை வச்சிட்டேன். அந்த நேரத்துல வாய்க்கு வந்ததைச் சொல்ல மனசு வரல. ஆடி மாசம், ஒரு முகூர்த்தமும் கிடையாது. அண்டா, உருளி எல்லாம் கவுந்து கிடக்கு. குற்றாலத்துச் சாரல் காத்து இங்கன வரைக்கும் வீசுது. திண்ணையில உக்காந்து எழுதுதேன். போன்ல தட்டுனா என் தமிழ் எனக்கே விளங்க மாட்டேங்குது.

ஆபீஸ்ல உனக்குக் கீழ இருக்க பையனோட வேலை சரியில்ல. மூணு மாசமா அவன்கிட்ட "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு, ராத்திரி முழிச்சிருந்து நீயே திருத்தி இருக்க. இப்ப மதிப்பீடு எழுதணும், கம்மியாத்தான் போட முடியும். "அவன் மனசு நோகாம எப்படிப்பா சொல்றது?"ன்னு கேட்ட. எனக்குத் தெரிஞ்சது நம்ம ஊர் தேங்காய்ப்பால் குழம்பு, அந்தச் சொதி வைக்கிறது ஒண்ணுதான். அதை வச்சே சொல்லுதேன்.

எனக்கு அப்ப 19 வயசு. சேரன்மகாதேவியில ஒரு கல்யாணம், மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி. 200 இலை. நாலு பேருக்கு ஒரு தேங்காய்னு கணக்குப் போட்டு 50 தேங்காய் துருவியாச்சு. மூணாம் பால்ல காயை வேக வச்சு, ரெண்டாம் பாலை விட்டு, வெந்த சிறுபருப்பைச் சேத்து, இஞ்சி பச்சைமிளகா அரைச்சு விட்டாச்சு. கடைசியில முதல் பாலை விடுற வேலையை, எனக்குச் சமையல் கத்துக் குடுத்த பெரியவர் என்கிட்ட குடுத்தாவ. அன்னைக்குத்தான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியல. பாலை விட்டுட்டு, பந்தக்கால்கிட்ட நாயனக்காரரைப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன். திரும்பிப் பாத்தா தளதளன்னு கொதிக்குது. ஒரு பக்கம் திரிய ஆரம்பிச்சுட்டு.

பெரியவர் வந்து எட்டிப் பாத்தாவ. சத்தம் போடல. முதல்ல அவுகளே ரெண்டு விறகை வெளிய இழுத்துப் போட்டாவ. அப்புறம் "ஏலே, இங்க வா"ன்னு கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போனாவ.

"பால் விட்டப்புறம் எத்தனை கொதி?"

"ரெண்டு மூணு இருக்கும்."

"ஒரு கொதி கூட ஆவாது. ஓரத்துல நுரை கூடுச்சுன்னா இறக்கிரணும். எலுமிச்சம்பழம் இறக்கி வச்சப்புறம்தான். இன்னும் 12 தேங்காய் கிடக்கு. போயித் துருவு."

அவ்வளவுதான் பேச்சு. கல்யாண வீட்டுக்காரர் வந்து "என்ன, பந்தி நேரமாவுது"ன்னு கேட்டப்ப, "நாந்தான் பக்கத்துல நிக்காம விட்டுட்டேன், அரை மணி நேரம் பொறுங்க"ன்னு சொன்னாவ. பெரியவர் ஒண்ணும் சாந்தசொரூபி இல்ல, பாத்துக்கோ. சொந்த மருமகனை அவுக திட்டுற திட்டை இந்தக் காகிதத்துல எழுத முடியாது. ஆனா அன்னைக்கு எனக்குத் தெரிய வேண்டியது அத்தனையும் அந்தக் கிணத்தடியில எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாவ. அதுவும் தேங்காய் மிச்சம் இருக்கும்போதே. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் என் கையில சொதி திரிஞ்சதில்ல.

அப்படிப்பட்ட ஆள்கிட்ட வேலை கத்துக்கிட்டு நான் என்ன செஞ்சேன்னு கேளு. எனக்குன்னு நாலு பேரை வச்சுக்கிட்டுத் தனியா வேலை எடுத்த புதுசு. அம்பாசமுத்திரத்துல ஒரு வீடு. சொதிக்குத் தொட்டுக்க உருளைக்கிழங்கு வறுவல். ஒரு பையன் வறுத்தான், நமுத்துப் போயிட்டு. பந்தியில பரிமாறுதவங்க, தண்ணி ஊத்துதவங்க எல்லாரும் நிக்கும்போது, "என்ன மாப்ள, கிழங்கை வறுத்தியா, அவிச்சு வெயில்ல காயப் போட்டியா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி, கரண்டியைக் கவுத்து வச்சிட்டு, கடைசி பஸ் ஏறிப் போனவன்தான். திரும்ப வரல.

நம்ம ஊர்ப் பேச்சு உனக்குத் தெரியாததா? நேரா ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். ஜாடையா, எகத்தாளமா, பக்கத்துல நிக்கவன் சிரிக்க மாதிரி சொல்லுவோம். கேட்டா "சும்மா வேடிக்கைக்கு"ன்னுருவோம். அதை ஒரு சாமர்த்தியம்னு வேற நினைச்சுக்கிடுதோம். நானும் அப்படித்தான் நினைச்சேன். அவன் போய் ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஒண்ணு உறைச்சுது. என் கேலியில அவனுக்கு வேலை தெரியலன்னு இருந்துச்சு, என்ன தெரியலன்னு இல்ல. எண்ணெய் காயறதுக்கு முன்னாடி கிழங்கை அள்ளிப் போட்டிருக்கான். எண்ணெய் ஏன் காயல? அவனுக்கு நான் ஒதுக்குன அடுப்புல ஈர விறகு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே கேலி பேசியிருக்கேன். இப்பவும் பாளையங்கோட்டை மார்க்கெட்டுல எப்பவாவது எதுக்க வருவான். "நல்லா இருக்கேளா அண்ணாச்சி"ன்னு மரியாதையா கேட்டுட்டு நிக்காம போயிருவான்.

இது ஒரு வகைத் தப்பு. நீ செஞ்சுக்கிட்டு இருக்கது இன்னொரு வகை. அதையும் உனக்குக் கத்துக் குடுத்தது நாந்தான்.

நீ எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டி. நான் வந்து கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன். மூச்சு விடாம பேசுன, பாதி வார்த்தை எனக்கு விளங்கல. வெளிய வந்து "எப்படிப்பா?"ன்னு கேட்ட. உன் மூஞ்சியைப் பாத்ததும் "ரொம்ப நல்லா இருந்துச்சு தாயி"ன்னுட்டேன். அடுத்த வருஷமும் அதே வேகத்துல பேசுன, டவுன்ல நடந்த பெரிய போட்டியில. அங்க நடுவரா இருந்த டீச்சர், "பிள்ளை என்ன சொல்லுதுன்னே புரியல"ன்னு மைக்குலயே சொல்லிட்டாங்க. திரும்பி வாற பஸ்ஸுல ஜன்னலைப் பாத்துக்கிட்டே வந்த. வண்ணாரப்பேட்டை தாண்டுனப்புறம், "உங்களுக்குப் போன வருஷமே தெரியுமாப்பா?"ன்னு கேட்ட. நான் பொய் சொல்லல. "தெரியும்"னேன். ரெண்டு நாள் என்கிட்ட நீ பேசல. நீ மறந்திருப்ப. அன்னைக்கு உன் மனசு நோகக்கூடாதுன்னு நான் சொல்லாம விட்டதா இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது இல்ல. உன் மூஞ்சி வாடுறதை நான் பாக்கக்கூடாதுன்னு சொல்லாம விட்டேன். நான் அல்வா குடுத்தது உனக்கு இல்ல, எனக்கு.

அதனால அந்தப் பையன்கிட்ட முதல்ல உன் பங்கைச் சொல்லு. "மூணு மாசமா எனக்குத் தெரிஞ்சும் உன்கிட்ட சொல்லல, அது என் தப்பு"ன்னு. அதைச் சொல்லாம நேரா மார்க்குல குறைச்சா, பந்தி முடிஞ்சு இலை எடுத்தப்புறம் "சொதி திரிஞ்சிருந்துச்சு"ன்னு சொல்லுத கதைதான். அவன் எந்தத் தேங்காயைத் துருவுவான்?

உங்க ஆபீஸ்ல சொல்லிக் குடுத்தாங்கன்னு சொன்னேல்லா, முதல்ல நாலு நல்ல வார்த்தை, நடுவுல குறை, முடிக்கும்போது திரும்ப நாலு நல்ல வார்த்தைன்னு. வாழைப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரின்னு நம்ம பக்கம் அதைப் பெருமையாச் சொல்லுவாங்க. எனக்கு அது பிடிக்கல. அப்புறம் நீ எப்பப் பழம் குடுத்தாலும் அவன் ஊசி இருக்கான்னு பிச்சுப் பாப்பான். நல்லது செஞ்சா அதைச் செஞ்ச அன்னைக்கே சொல்லிரு. குறைக்குத் துணையா அதைக் கூட்டிக்கிட்டு வராத.

அவன் வேலையில எந்த இடம், என்னைக்கு, என்ன ஆச்சுன்னு ஒண்ணே ஒண்ணை எடுத்துச் சொல்லு. "நீ கவனமில்லாத பையன்"னு சொன்னா அவன் என்ன செய்ய முடியும், தன்னைத்தானே இறக்கி வச்சுக்கிட முடியுமா? "ரெண்டு கொதி விட்ட"ன்னு சொன்னா நாளைக்கு ஒரு கொதிக்கு முன்னாடி இறக்குவான். அவனுக்கும் ஈர விறகு எதும் இருக்கான்னு கேளு. நீ குடுத்ததாவே கூட இருக்கலாம். நீயே ராத்திரி திருத்துனதை அவன்கிட்ட காட்டியிருக்கியா? இல்லன்னா அவன் அனுப்புனதுதான் சரின்னு நினைச்சிருப்பான், பாவம்.

நோகாம சொல்ல முடியுமான்னு கேட்டா, முடியாது தாயி. கொஞ்சம் நோகத்தான் செய்யும். எனக்கும் கிணத்தடியில கண்ணு கலங்குச்சு. ஆனா நான் அழுததைக் கல்யாண வீட்டுல வேற ஒரு ஆளும் பாக்கல. அன்னைக்கு ராத்திரி பெரியவர்கூடத்தான் உக்காந்து சாப்பிட்டேன்.

உங்கம்மா நல்லா இருக்கா. முழங்கால் வலிதான் அப்படியே இருக்கு. ஆவணியில மூணு முகூர்த்தம் ஒத்துக்கிட்டிருக்கேன். அதுல ஒண்ணு கல்லிடைக்குறிச்சி, அப்பளம் வாங்கி அனுப்புதேன்.

ஆனியில பஸ்ஸுல குடுத்து விட்ட இஞ்சித் துவையலுக்கு "சூப்பர்பா"ன்னு போட்டிருந்தேல்லா. அதுல நான் வெல்லம் போட மறந்துட்டேன். வீட்டுல இருந்த மிச்சத்தை உங்கம்மா நாக்குல வச்சுட்டு, மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு அன்னைக்கே சொல்லிட்டா. நீ எத்தனை நாளைக்கு அதை அப்படியே தின்ன?

அப்பா