பத்து ஞாயிறும் கூட இருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

போன ஞாயிறோடு பத்து வாரமும் முடிந்துவிட்டது. கென் பர்ன்ஸும் லின் நோவிக்கும் பத்து வருடம் பாடுபட்டு எடுத்து, 2017இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்த வியட்நாம் போர் ஆவணப்படம். மொத்தம் 18 மணி நேரம். அதை மாயவரத்தில் ஒரு மாடி டியூஷன் ஹாலில் உட்கார்ந்து விடாமல் பார்த்து முடித்திருக்கிறோம். "நாலாவது வாரம் நீயும் புரொஜெக்டரும் மட்டும்தான் இருப்பீங்க" என்று என் வீட்டிலேயே சொன்னார்கள். கடைசி நாள் 31 பேர்.

டெக்சாஸிலிருந்து டிவிடி பெட்டியை அனுப்பி வைத்த தங்கைக்கும், வாடகை என்ற பேச்சையே எடுக்காத டியூஷன் மாஸ்டருக்கும் முதல் நன்றி. முதலில் இடம் தருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். அவர் மேல் வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது.

பேராசிரியர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரப் பகுதியை முன்கூட்டியே பார்த்து, இரண்டு பக்கம் தமிழில் கையால் எழுதிக் கொடுத்தார். ஜெராக்ஸ் கடைத் தம்பி காசு வாங்காமல் பிரதி போட்டுக் கொடுத்தான். முதல் வாரப் பிரதியிலேயே சண்டை வந்ததும் நல்லதாகப் போயிற்று. கண்ணியமான மனிதர்கள் நல்லெண்ணத்தோடு தொடங்கிய போர் இது என்று படத்தின் ஆரம்பத்திலேயே வருகிறது. ஐயா அதை அப்படியே எழுதியிருந்தார். தோழர் எழுந்துவிட்டார். 1954இல் ஜெனீவாவில் ஒப்புக்கொண்டபடி, வடக்கு தெற்கு என்று பிரிந்திருந்த வியட்நாமை ஒன்றாக்க 1956இல் நடக்க வேண்டிய தேர்தலை நடக்கவிடாமல் செய்தது எந்த நல்லெண்ணம் என்று கேட்டார். "அவங்க சொன்னதை நான் திருத்த முடியுமா தோழர்?" என்றார் ஐயா. ஒளிபரப்பானபோது அமெரிக்காவிலும் இதே வரிக்குத்தான் அடிதடி. 1964லேயே அதிபர் ஜான்சன், இது சண்டை போடத் தகுந்த விஷயமில்லை, ஆனால் வெளியே வரவும் வழியில்லை என்று தொலைபேசியில் புலம்பிய பதிவு இருக்கிறது. அதைப் பற்றிப் பேசிய அன்று தோழர் பக்கம் ஆள் கூடிவிட்டது. நானும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் தன்னை மறுக்கும் சாட்சிகளையும் அந்தப் படமே கொண்டுவந்து உட்கார வைக்கிறது. ஏறக்குறைய 80 பேர் பேசுகிறார்கள். அமெரிக்கச் சிப்பாய், போரை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர், தென் வியட்நாமின் சைகோன் அரசு பக்கம் நின்றவர், வடக்கே இருந்து வந்து போரிட்டவர் என்று எல்லாரும். வடக்குப் படையில் போரிட்டு, பிறகு எழுத்தாளரான பாவோ நின், யார் ஜெயித்தது என்று வாதாடுவதெல்லாம் சண்டை போடாதவர்கள் வேலை என்கிற மாதிரிச் சொல்வார். அன்று தோழர் ஒன்றும் பேசவில்லை.

சுண்டல் அக்காவுக்கு ஒரு தனி நன்றி. படத்தில் மோகி என்ற அமெரிக்கப் பையன், பட்டாளத்தில் சேரப் பெற்றோரைக் கையெழுத்துப் போட வைப்பதற்காக வீட்டை விட்டே ஓடிப்போனவன், 19 வயதில் செத்துப்போகிறான். அவன் அம்மா பேசும்போது அக்கா பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டார். பாதி மடித்த காகிதம் கையிலேயே இருந்தது. அன்று சுண்டல் யாருக்கும் வரவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ஆறாவது வாரம் படத்தில் டெட் தாக்குதல், அதாவது 1968இல் வடக்குத் தரப்பு தெற்கு நகரங்கள் மேல் ஒரே நேரத்தில் பாய்ந்தது, நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பக்கத்துக் கல்யாண மண்டபத்து எலக்ட்ரீசியன் அண்ணன் ஜன்னல் வழியாக ஜெனரேட்டர் ஒயரை இழுத்துக் கொடுத்தார். மிச்சப் போர் நாதஸ்வரத்தோடு ஓடியது.

கடைசி நாற்காலி சாரைப் பற்றி, இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். 1987இல் அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர். ஏழு வாரம் வாயே திறக்கவில்லை. எட்டாவது வாரம், ஊர் திரும்பிய சிப்பாய்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது எழுந்தார். 1990இல் மெட்ராஸில் வந்து இறங்கிய படையை வரவேற்க முதலமைச்சர் வராதது எல்லாருக்கும் தெரியும். அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தோம். அதையும் சொன்னார். அப்புறம், "அங்க நாங்க என்ன செஞ்சோம்னும் இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்கல. கேட்டிருக்கலாம்" என்றார். உட்கார்ந்துவிட்டார். அன்றும் யாரும் கேட்கவில்லை. எனக்கும் தைரியம் வரவில்லை. அடுத்த வாரம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். சார், அதற்கு நன்றி. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன்.

ஐயாவின் கைப்பிரதிகள் முழு செட்டாக நாலு மிச்சம் இருக்கின்றன. வேண்டியவர்கள் ஜெராக்ஸ் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரப் பிரதியில் "நல்லெண்ணத்தோடு" என்ற இடத்தில் தோழர் பேனாவால் கேள்விக்குறி போட்டிருக்கிறார். ஐயா அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.