முதலில் பென்சில், அப்புறம்தான் லிக்விட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், முதல்முறை ஐலைனர் போடுகிறவர்களுக்கு என்று சொல்லி வந்த அழகுக் குறிப்பைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். கும்பகோணத்தில் 14 வருடமாகச் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறேன். குறிப்பில் இருந்தது தப்பு என்று சொல்ல வரவில்லை, கை பழகியவர்களுக்கு அது சரியாகவே வரும். ஆனால் அதில் இருந்தபடி, முதல்முறை போடுகிற பிள்ளையிடம் எடுத்த எடுப்பிலேயே லிக்விட் லைனரைக் கொடுத்து, கண் ஓரத்தில் விங், அதாவது வெளியே நீளும் வால் இழுக்கச் சொன்னால் எப்படி வரும்?

போன மாதம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. அக்கா மகள், காலேஜில் இரண்டாம் வருடம். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் புதிதாக வாங்கிய லிக்விட் லைனரைத் திறந்தாள். முதல் கோடு நெளிந்தது, அதை மறைக்க அதன் மேலேயே இன்னொரு கோடு, அதோடு சமமாக வரவேண்டுமே என்று அடுத்த கண்ணில் கொஞ்சம் கூடுதலாக, பிறகு திரும்பவும் இந்தக் கண்ணில் கொஞ்சம். காய்வதற்குள் நிமிர்ந்து பார்த்தாள், இமை மடிப்பில் கோடு அப்படியே அச்சு விழுந்துவிட்டது. துடைக்கலாம் என்றால் அது வாட்டர்புரூஃப், தண்ணீருக்கு அசையவே இல்லை. தேய்த்துத் தேய்த்துக் கண் சிவந்ததுதான் மிச்சம். "எனக்குக் கையே வராது சித்தி" என்று அழுதாள். மார்கழியில் 15 புள்ளிச் சிக்குக் கோலத்தை இழை பிசகாமல் இழுக்கிற கை அது! கையில் ஒரு குறையும் இல்லை, கையில் எடுத்த பொருள்தான் சரியில்லை.

அதனால் முதலில் பென்சில். லிக்விட் ஒரு தடவை பட்டால் பட்டதுதான், பென்சிலில் போட்ட கோட்டை அரை நிமிடத்துக்குள் இயர்பட்ஸால் இழுக்கலாம், கலைக்கலாம், அழிக்கலாம். கடையில் வாங்கும்போது புறங்கையில் அழுத்தாமல் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அழுத்தினால்தான் எழுதுகிறது என்றால் அது இமைத் தோலை இழுக்கும், வேண்டாம். இரண்டு நிமிடம் விட்டு விரலால் தேய்த்தால் லேசாகக் கலங்கலாம், மொத்தமாக வழிந்துவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு அது நிற்காது. போட்டுப் பார்க்கக் கடையில் திறந்து வைத்திருக்கும் டெஸ்டரைக் கண்ணில் மட்டும் வைத்துவிடாதீர்கள், எத்தனை பேர் கண்ணில் பட்டதோ. நிறம் கருப்புதான் என்று இருக்கவேண்டாம், அடர் பிரவுன் வாங்குங்கள். நம் நிறத்துக்கு அது நன்றாகவே எடுக்கும், கோடு கொஞ்சம் கோணினாலும் கருப்பு மாதிரி பளிச்சென்று தெரியாது. காஜலை ஐலைனர் என்று நினைத்து மேல் இமையில் போடுகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான காஜல் குழைவானது, மத்தியானத்துக்குள் கண்ணுக்குக் கீழே இறங்கி நிற்கும்.

பென்சில் பழகியபின் ஸ்கெட்ச் பேனா மாதிரி வருகிற லைனர், அப்புறம் டப்பாவில் வரும் ஜெல்லும் பிரஷும். பிரஷ் தொட்டுப் போடும் லிக்விட் எல்லாவற்றுக்கும் கடைசி.

போடும் முறைக்கு வருகிறேன், உங்கள் குறிப்பில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். நின்றுகொண்டு பாத்ரூம் கண்ணாடியில் பார்த்துப் போடாதீர்கள். உட்காருங்கள், முழங்கை மேஜையில் ஊன்றியிருக்கட்டும், சுண்டுவிரல் கன்னத்தில் பதிந்திருக்கட்டும், நடுக்கம் பாதி அதிலேயே போய்விடும். கண்ணாடியை முகத்துக்கு நேராக வைக்காமல் மேஜைமேல் தாழ்வாக வையுங்கள். மோவாயைக் கொஞ்சம் தூக்கி, கண்ணை மட்டும் தாழ்த்தி அதில் பார்த்தால் இமை தானாக விரிந்து கொடுக்கும், விரலால் ஓரத்தைப் பிடித்து இழுக்கவேண்டிய வேலையே இல்லை. இழுத்துப் பிடித்துப் போட்ட கோடு, கையை விட்டதும் சுருங்கி நெளியும். இமையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒற்றி எடுத்துவிட்டுத் துளி பவுடர் போதும்.

பென்சிலை ஒவ்வொரு தடவையும் சீவுங்கள், சீவிய முனையைப் புறங்கையில் ஒரு தரம் உரசிக் கூர் மழுக்கிக்கொள்ளுங்கள். மூக்குப் பக்கத்திலிருந்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டாம். வெளி ஓரத்தில், கண்ணின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, இமைமுடி முளைக்கிற இடத்தை ஒட்டியே சின்னச் சின்னக் கீற்றாக வைத்து வாருங்கள், அரிசி நீளம்கூட வேண்டாம். இமைமுடிக்கும் கோட்டுக்கும் நடுவே தோல் தெரியக் கூடாது. அந்த வெளிறிய இடைவெளி தெரிந்தால் எவ்வளவு நேரான கோடாக இருந்தாலும் ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கும். கீற்றுகளைச் சேர்த்தபின் நடுவுக்கு வாருங்கள், உள் ஓரத்துக்கு வரவரக் கோடு மெலிய வேண்டும். ஒரு கண்ணை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று போட்டு, நடுநடுவே நேராகப் பார்த்துச் சரிபார்த்தால் அக்கா மகளுக்கு ஆன மாதிரி தடித்துக்கொண்டே போகாது. கடைசியில் இயர்பட்ஸால் லேசாகக் கலைத்து, அதே நிற ஐஷேடோ பவுடரைத் தட்டிவிட்டால் சாயங்காலம் வரை நிற்கும். மடிப்பு இறங்கி இமையை மூடுகிற கண் என்றால் கண்ணைத் திறந்துவைத்து, எவ்வளவு தெரிகிறது என்று புள்ளி வைத்துக்கொண்டு போடவேண்டும். உங்கள் படத்தில் இருந்த மாடலுக்கு அகலமான இமை, அதைப் பார்த்து இப்படிக் கண் உள்ளவர்கள் போட்டால் பாதி மடிப்புக்குள் போய்விடும்.

விங் எல்லாம் இந்தக் கோடு நேராக வந்தபிறகு. கீழ் இமையின் வளைவு எந்தப் பக்கம் போகிறதோ அதையே புருவ நுனியை நோக்கி நீட்டினால் அதுதான் விங், வேறு ரகசியம் இல்லை.

அடுத்து, கண்ணுக்கு உள்ளே, அந்த ஈர விளிம்பில் போடுவது. அதைக் குறிப்பில் சர்வசாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த விளிம்பில்தான் கண்ணீர் சீக்கிரம் உலராமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன, மை போய் அவற்றை அடைக்கலாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் செய்து 2015இல் வெளிவந்த ஆய்வில், இமைமுடிக்கு வெளியே போட்டதைவிட உள்ளே போட்ட லைனரின் துகள்கள் சீக்கிரமாகவும் அதிகமாகவும் கண்ணீரில் கலந்ததைப் பார்த்திருக்கிறார்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிற பிள்ளைகள் உள்ளே போடவே வேண்டாம். லென்ஸை மாட்டியபிறகு மேக்கப், மேக்கப்பைக் கலைக்கும் முன் லென்ஸைக் கழற்றுவது, இந்த வரிசை முக்கியம்.

எங்கள் அப்பத்தா கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்துத் திரி திரித்து, விளக்கெண்ணெயில் எரித்துப் புகையைப் பித்தளைத் தட்டில் பிடித்து மை செய்வார். அந்த வாசனை இன்னும் மனதில் இருக்கிறது. ஆனாலும் பார்லரில் யாருக்கும் அதை நான் போடுவதில்லை, கோடாக நிற்காது, சுத்தத்துக்கும் உத்தரவாதம் இல்லை. பெயர் விலாசம் இல்லாமல் பொட்டலத்தில் விற்கும் சுர்மா என்கிற கண்மைப் பொடி அதைவிட மோசம், சிலவற்றில் ஈயம் இருக்கும். அழகுசாதனப் பொருளுக்கு நிறம் கொடுக்க ஈயச் சேர்மம் கலக்கக் கூடாது என்று நம் நாட்டு விதியே இருக்கிறது. டப்பாவில் உற்பத்தியாளர் பெயர், தேதி, லைசென்ஸ் எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த டப்பா படத்துக்குள் 6எம் என்று போட்டிருந்தால் திறந்து ஆறு மாதம்தான். ஹாஸ்டலில் ஒரே லைனரை நான்கு பேர் போடுவது, மெட்ராஸ் ஐ வந்து போனபின் பழையதையே எடுப்பது, இரண்டும் கூடவே கூடாது.

கலைப்பதற்குத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, மூடிய கண்மேல் 20 எண்ணும்வரை வைத்திருந்து கீழ்நோக்கித் துடைத்தால் வாட்டர்புரூஃப்கூட வந்துவிடும். பிறகு முகம் கழுவிக்கொள்ளலாம்.

அக்கா மகள் இப்போது மூன்று வாரமாக பிரவுன் பென்சிலில் தினமும் போட்டு எனக்குப் படம் அனுப்புகிறாள். இடது கண் இன்னும் கொஞ்சம் தடிப்பாகத்தான் வருகிறது, ஆனால் கோடு நெளியவில்லை. அடுத்த இணைப்பிலாவது பென்சிலில் தொடங்கும் குறிப்பை, நம் ஊர்ப் பெண்ணின் கண் படத்தோடு போடுங்கள். படம் எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் அவளையே உட்கார வைக்கிறேன், கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்