‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை முழுமையாகப் பாடத்தில் வையுங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதுகலை அமெரிக்க இலக்கியத் தாளில், ஜான் ஸ்டைன்பெக்கின் இந்த நாவலிலிருந்து, நிலத்தை இழந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகும் ஜோட் குடும்பத்தின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு, அக்குடும்பம் வராமல் அன்றைய நிலைமையைப் பேசும், இடையிடையே வரும் பொது அத்தியாயங்களை நீக்கியிருக்கிறீர்கள். அவை கதையை நகர்த்தாதவை என்று தாங்கள் கருதினீர்கள். நீக்கியவற்றைத் திரும்பச் சேருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அப்படி நீக்கப்பட்டவற்றுள் 25ஆம் அத்தியாயமும் ஒன்று. கலிபோர்னியாவில் பழங்கள் அமோகமாக விளைகின்றன. பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டவில்லை. ஆரஞ்சுப் பழங்களைக் குவித்து, பசித்தவர்கள் எடுத்துவிடாதபடி அவற்றின் மேல் மண்ணெண்ணெய் தெளிக்கிறார்கள். உருளைக்கிழங்கை ஆற்றில் கொட்டிவிட்டு, யாரும் வலை வீசி அள்ளிவிடக் கூடாதென்று கரையோரம் காவல் போடுகிறார்கள். பன்றிகளைக் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைக்கிறார்கள். அதே இடத்தில் சத்துக்குறைவால் குழந்தைகள் சாகின்றன. இந்தப் பக்கங்களில் ஜோட் குடும்பத்தார் ஒருவர்கூட வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இவற்றைப் படிக்காத மாணவர், அடுத்த அத்தியாயத்தில் ஒரு பெட்டி பீச் பழம் பறிக்க 5 சென்ட் கூலி கொடுத்தவர்கள், வேலைநிறுத்தம் உடைந்ததும் அதைப் பாதியாக்குவதைப் பார்த்து, யாரோ ஒரு கெட்ட பண்ணைக்காரரின் பேராசை என்றுதான் நினைப்பார். ஒரு வேலைக்குப் பத்துப் பேர் மோதி, பிள்ளைகளின் பசிக்காக ஒருவரைவிட ஒருவர் குறைந்த கூலிக்கு இறங்கிப்போவதைச் சொல்லும் 21ஆம் அத்தியாயமும் அவர் கையில் இருக்காது. இவ்வளவு குறைந்த கூலிக்கு ஏன் இவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள் என்று வகுப்பில் ஒருவர் கேட்டால், நான் எந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவது?

அந்தக் கூலிக்குப் பின்னால் சட்டமும் நின்றது. தொழிற்சங்கம் சேரும் உரிமையைக் காத்த 1935ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமும், குறைந்தபட்சக் கூலியை வகுத்த 1938ஆம் ஆண்டுச் சட்டமும் பண்ணைத் தொழிலாளர்களை வெளியே நிறுத்தின. நாவல் 1939 ஏப்ரலில் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அது பேசிய கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்ட நிர்வாகக் குழுவே பள்ளிகளிலும் நூலகங்களிலும் அதைத் தடை செய்தது. தடை 1941 வரை நீடித்தது. தங்கள் நோக்கம் அதுவல்ல என்று நம்புகிறேன். ஆனால் அங்குள்ள பெருநில உரிமையாளர்களை அன்று கோபப்படுத்திய பக்கங்களில் பலவும் இன்று எங்கள் பாடத்திலிருந்து போய்விட்டன.

இது ஒரு நாவலோடு நிற்பதாகவும் தெரியவில்லை. வறுமை, குடும்பம், ஒற்றுமை என்று கருப்பொருள்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் விடை தயாரிக்கும் பழக்கம் நம் தேர்வுகளில் வேரூன்றிவிட்டது. யாருடைய வறுமை, யார் உண்டாக்கிய வறுமை என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நாவலின் 30 அத்தியாயங்களையும் பாடத்தில் வையுங்கள். வகுப்பு நேரம் போதாதென்றால், நிலத்தையும் டிராக்டரையும் வங்கியையும் பற்றிய 5ஆம் அத்தியாயம், மேற்சொன்ன 21, 25 ஆகிய மூன்றையாவது, புதிய பாடத்திட்டம் அச்சுக்குப் போகுமுன் சேர்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கிய ஆசிரியர் ஒருவர்